குவாலிட்டி சாஃப்ட்வேர் வாங்கும் முன் போட வேண்டிய திட்டம்

கோவை குறிச்சிப் பக்கம் வண்டி உதிரிபாகங்களுக்கு மெஷினிங் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். வார்ப்பு வெளியே இருந்து வரும். அதை சி.என்.சி., வி.எம்.சி. என்ற கணினி வழி இயங்கும் மெஷின்களில் ஏற்றி, துளை போட்டு, மரை வெட்டி, கழுவி அனுப்புவது எங்கள் வேலை. வண்டித் தொழிலுக்கான தரமுறையான ஐ.ஏ.டி.எஃப். 16949-இன் சான்றிதழ் வைத்திருக்கிறோம். அதற்கான பதிவுகள் முன்பு கொஞ்சம் எக்ஸெல்லிலும், கொஞ்சம் ஃபைலிலும், மீதி குறையுள்ள சரக்கைப் பதியும் அச்சடித்த என்.சி. புத்தகத்திலும் கிடந்தன. இப்போது சாஃப்ட்வேரில் ஓடுகின்றன. இதில் இறங்கப் போகிற பக்கத்து யூனிட்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாங்க மேடம்?" என்றுதான். அதற்கு முன்னால் கம்பெனிக்குள்ளேயே முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் வாங்கினால், விற்க வந்தவர் தன் வசதிக்கு முடிவு செய்துவிட்டுப் போய்விடுவார்.

முதலில் படிவங்கள்

கம்பெனியில் உள்ள எல்லாப் படிவங்களிலும் ஒவ்வொரு நகல் எடுத்து, கான்ஃபரன்ஸ் அறை மேஜையில் பரப்புங்கள். வெற்றுப் படிவம் வேண்டாம். போன வாரம் நிரப்பியதையே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: யார் நிரப்புகிறார், யார் படிக்கிறார், படித்துவிட்டு என்ன முடிவு எடுக்கிறார். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத படிவத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த ஒதுக்கிய கட்டு பெரிதாகத்தான் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தரமுறை ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2008 பதிப்பு, தர கையேடு ஒன்றும் ஆறு எழுதப்பட்ட செயல்முறைகளும் கட்டாயம் என்றது. 2015 பதிப்பு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஐ.ஏ.டி.எஃப். மட்டும் கையேடு வேண்டும் என்று இன்னும் கேட்கிறது. ஆனால் நம் ஊர் யூனிட்டுகள் பலவற்றில் பழைய காலத்து ஆவணங்கள், ரெவிஷன் எண் மட்டும் ஏறிக்கொண்டு அப்படியே இருக்கின்றன. யாராவது ஒரு ஆடிட்டர் எப்போதோ கேட்டார் என்பதற்காகப் பிறந்த படிவங்களும் உண்டு. அவற்றையெல்லாம் சாஃப்ட்வேரில் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு ஒப்புதல், ஒரு மெயில் என்று செலவுதான் பெருகும்.

ஒதுக்கியதைத் தூக்கிப் போடும் முன் வாடிக்கையாளரின் தனி நிபந்தனைகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். நமக்குத் தேவையில்லாத ஒரு செக் ஷீட், ஏதோ ஒரு வாடிக்கையாளரின் கன்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டத்தில்) பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கலாம்.

மிச்சமிருக்கும் ஆவணங்களுக்கு யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது என்று ஒரு அட்டவணை போடுங்கள். வேலைக் குறிப்புக்கு இரண்டு பேர் போதும். காகிதத்தில் ஐந்து கையெழுத்து வாங்குவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்தால் முடிந்துவிடும். சாஃப்ட்வேரில் ஐந்து ஒப்புதல் என்றால், நடுவில் ஒருவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும் ஆவணம் அங்கேயே நிற்கும். ஆள் இல்லாதபோது யார் பார்ப்பார் என்பதையும் அதே அட்டவணையில் எழுதுங்கள்.

ஆவண எண்களை மாற்றாதீர்கள். "எங்க சிஸ்டத்துல புது நம்பரிங் அழகா வரும்" என்பார்கள் விற்பவர்கள். வரட்டும். நம் பழைய எண், பாக ஒப்புதலுக்காக வாடிக்கையாளரிடம் கொடுத்த பி.பி.ஏ.பி. கோப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றினால் அடுத்த பல வருடங்களுக்குப் பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று பார்க்கும் பட்டியலைச் சுமக்க வேண்டியிருக்கும்.

கேஜ்களில் ஆரம்பியுங்கள்

சாஃப்ட்வேரின் எல்லா மாட்யூலையும் (வேலைவாரியான பகுதிகளையும்) ஒரே நாளில் திறக்கும் திட்டத்துக்கு நான் எதிரி. ஆவணக் கட்டுப்பாட்டில் தொடங்குங்கள் என்பதுதான் பொதுவான ஆலோசனை. என் தேர்வு கேலிபரேஷன், அதாவது அளக்கும் கருவிகளான கேஜ்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது. அந்த வேலை கேஜ்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் ரூமில் இருக்கும் ஒருவர் அல்லது இருவர் கையில்தான் இருக்கிறது. தகவலும் ஓரளவு சுத்தமாக இருக்கும்: கேஜ் எண், அளவு எல்லை, கடைசி கேலிபரேஷன் தேதி, அடுத்தது எப்போது, எந்த லேப் சான்றிதழ் கொடுத்தது. ஏற்றி முடித்த அன்றே, எந்தக் கேஜ் தேதி தாண்டி ஷாப் ஃப்ளோரில் ஓடுகிறது என்று திரை சொல்லிவிடும். எம்.டி.க்குக் காட்ட இதைவிட எளிய பலன் வேறு மாட்யூலில் கிடைக்காது.

ஏற்றும் முன் ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் லைன் முழுக்க நடந்து, கையில் கிடைக்கும் ஒவ்வொரு கருவியையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். டூல் பெட்டிக்குள் ஆபரேட்டர் தன் சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர் இருக்கும். ஐ.ஏ.டி.எஃப். அதையும் விடுவதில்லை, பொருளை அளக்கப் பயன்பட்டால் ஊழியரின் சொந்தக் கருவிக்கும் கேலிபரேஷன் பதிவு வேண்டும். ஒன்று, பட்டியலில் சேருங்கள். இல்லை, வீட்டுக்கு அனுப்புங்கள்.

இந்த மாட்யூலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. துளையைச் சோதிக்கும் ஒரு ப்ளக் கேஜின் கோ பக்கம் (நல்ல துளையில் நுழைய வேண்டிய முனை) தேய்ந்துவிட்டது என்று கேலிபரேஷனில் தெரிய வருகிறது. "ஏனுங்க மேடம், இது எப்பவோ தேஞ்சிருக்கும் போலிருக்குங்க" என்று ஸ்டாண்டர்ட் ரூமில் சொல்வார்கள். அப்போது, இதற்கு முன் இந்தக் கேஜால் பார்த்து அனுப்பிய சரக்கு செல்லுமா என்று நாம் ஆராய்ந்தாக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 இதை நேரடியாகவே கேட்கிறது. சந்தேகத்துக்குரிய சரக்கு வெளியே போயிருந்தால் வாடிக்கையாளருக்குச் சொல்லவும் வேண்டும். எந்த பாட்ச் என்பதற்குப் பதில் வேண்டுமென்றால், எந்தக் கேஜ் எந்த மெஷினில், எந்தப் பாகத்துக்கு, எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தது என்ற பதிவு வேண்டும். ஆகவே கேஜ் கொடுத்து வாங்கும் பதிவேட்டை சாஃப்ட்வேருக்குள் கொண்டுவருவதா என்பதைத் திட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். கொண்டுவருவது என்றால் கேஜில் க்யூ.ஆர். குறியீடு, ஸ்டாண்டர்ட் ரூம் ஜன்னலில் ஒரு ஸ்கேனர், இரவு ஷிப்டில் அதைக் கையாள ஒரு ஆள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பதிவு ஓட்டையாகத்தான் இருக்கும். சின்ன ஸ்நாப் கேஜில் ஸ்டிக்கர் கூலன்ட் எண்ணெயில் உரிந்துவிடும். லேசர் மார்க்கிங் செலவை பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேலிபரேஷன் ஓட ஆரம்பித்தபின் ஆவணங்கள், அதற்குப் பிறகு என்.சி.யும் கேப்பாவும் (குறையின் காரணத்தைத் தேடித் திருத்தி, மறுபடி வராமல் தடுக்கும் நடவடிக்கை), கடைசியில் உள் ஆடிட். எஸ்.பி.சி. என்ற புள்ளியியல் கட்டுப்பாட்டையும், சி.எம்.எம். என்ற அளக்கும் மெஷினின் இணைப்பையும் முதல் வருடத் திட்டத்தில் நான் எழுதவே மாட்டேன்.

குறைகளுக்கு ஒரே பெயர்

திட்டத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய வேலை இது. யாரும் ஒதுக்குவதில்லை.

பழைய என்.சி. புத்தகத்தை ஒரு வருடத்துக்குப் புரட்டினால், ஒரே குறைக்கு எத்தனை பெயர் என்று தெரியும். வார்ப்பில் உள்ள காற்றுக்குழியை ஒருவர் ப்ளோ ஹோல் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் பின் ஹோல், மூன்றாமவர் போராசிட்டி, நான்காமவர் "ஓட்டை". வார்ப்பு செய்யும் ஃபவுண்டரியில் கேட்டால் அவை வேறு வேறு. காரணமும் வேறு, மருந்தும் வேறு. நம் இன்ஸ்பெக்டருக்கு அந்த வித்தியாசம் சொல்லித் தரப்படவே இல்லை. இந்த நிலையில் எந்தக் குறை அதிகம் என்று காட்ட சாஃப்ட்வேர் போடும் பாரெட்டோ வரைபடத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. இரண்டு நாள் ஒதுக்கி, ஃபவுண்டரிக்காரர், லைன் இன்ஸ்பெக்டர்கள், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஆட்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, ரிஜெக்ட் ஆன பாகங்களை நடுவில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர், ஒரே குறியீடு, ஒரு போட்டோ என்று முடிவு செய்யுங்கள். பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். திரையில் உருட்டிக்கொண்டே போனால் எல்லோரும் முதலில் கண்ணில் படுவதையோ, "மற்றவை" என்பதையோதான் அழுத்துவார்கள். "மற்றவை"யை எடுத்துவிடாதீர்கள். ஆனால் அதை அழுத்தினால் போட்டோ கட்டாயம் என்று வைத்துவிடுங்கள்.

போட்டோ ஏன் என்றால், எங்கள் லைனில் இப்போது தமிழ், ஹிந்தி, ஒடியா மூன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். திரையைத் தமிழில் வைத்தால் பாதிப் பேருக்கு ஆகாது, ஆங்கிலத்தில் வைத்தால் மீதிப் பேருக்கு ஆகாது. படத்தைப் பார்த்து அழுத்துவது எல்லோருக்கும் ஆகும். இது முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சில சாஃப்ட்வேரில் பட்டியலில் எழுத்து மட்டும்தான் வரும்.

இதே போல பாக எண், மெஷின் எண், சப்ளையர் பெயர், ஆள் பட்டியல் என்று மற்ற மாஸ்டர்களும் (அடிப்படைப் பட்டியல்களும்) உண்டு. அவை ஏற்கெனவே டாலியிலோ, கம்பெனி முழுக்க ஓடும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரிலோ இருக்கும், அங்கிருந்து எடுங்கள். கையால் மறுபடி தட்டச்சு செய்தால் ஒரே சப்ளையர் மூன்று பெயரில் வந்து நிற்பார்.

விற்பவரை வரச்சொல்லும் நாள்

இவ்வளவும் கையில் இருந்தால் டெமோவுக்குக் கூப்பிடலாம். அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தகவலைப் பார்க்காதீர்கள். அதில் எல்லா கேப்பாவும் பச்சையாக மூடியிருக்கும். போன வருடத்தில் உங்களைப் படுத்திய ஒரு வாடிக்கையாளர் புகாரை எடுங்கள், எட்டுப் படியில் காரணமும் தீர்வும் எழுதும் 8டி அறிக்கையோடு. "இதை எங்கள் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். நடுவில் காரணம் தவறு என்று தெரிந்து திரும்பப் போன கதையும், தேதி நீட்டிப்பு கேட்ட கதையும் அதில் இருக்க வேண்டும். பின்னால் திரும்ப முடியாத சாஃப்ட்வேரில் ஆட்கள் பொய்க் காரணம் எழுதி மூடக் கற்றுக்கொள்வார்கள்.

கூடவே வாடிக்கையாளர் போர்ட்டல் விஷயத்தைப் பேசுங்கள். பெரிய வண்டிக் கம்பெனிகள் தங்கள் போர்ட்டலில்தான் 8டி கேட்கும். நம் சாஃப்ட்வேர் அதோடு பேசாது. இரண்டு இடத்திலும் முழுசாக எழுதச் சொன்னால் இன்ஜினியர் நம் பக்கத்தைத்தான் விட்டுவிடுவார். புகார் போர்ட்டலில் இருக்கட்டும். நம் பக்கம் போர்ட்டல் எண், கெடு, நடவடிக்கை, பொறுப்பானவர், இணைத்த பி.டி.எஃப். இவை போதும்.

டெமோவில் வரைபட மாற்றத்தையும் பாருங்கள். வாடிக்கையாளர் பொறியியல் விவரக்குறிப்பை மாற்றி அனுப்பினால் 10 வேலை நாளுக்குள் பரிசீலனை முடிய வேண்டும் என்பது ஐ.ஏ.டி.எஃப். எதிர்பார்ப்பு. கடிதம் வந்த தேதியிலிருந்து அந்த எண்ணிக்கையை சாஃப்ட்வேர் ஓட்டுமா, புது வரைபடம் ஏறியதும் பழையது மெஷின் பக்கத்து டேப்லெட்டிலிருந்து தானாகப் போய்விடுமா?

விலை பேசும்போது லைசென்ஸ் ஆளின் பெயருக்கா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர் எண்ணிக்கைக்கா என்று கேளுங்கள். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் இந்த ஒரு வித்தியாசமே தொகையை எங்கோ கொண்டுபோகும். வருடப் பராமரிப்பு, டேப்லெட், வை-ஃபை, நம் ஆட்கள் மாஸ்டர் தயாரிக்கச் செலவிடும் நேரம் எல்லாம் தனி வரிகளாக எழுதப்படட்டும். ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றுதான்: விட்டுப் போனால் எங்கள் பதிவுகள் எல்லாம், இணைப்புகளோடு, எக்ஸெல்லும் பி.டி.எஃப்.புமாக வெளியே வர வேண்டும். பாகத்தின் ஒப்புதல் கோப்புகளை, அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுக்கவும் அதற்கு மேல் ஒரு காலண்டர் வருடமும் நாம் வைத்திருக்க வேண்டும். ஒரு வால்வு பாடி பல வருடம் ஓடும். சாஃப்ட்வேர் கம்பெனி அத்தனை வருடம் ஓடுமா என்பதற்கு யார் பொறுப்பு?

மருத்துவக் கருவி செய்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. ஐ.எஸ்.ஓ. 13485, தர அமைப்பில் பயன்படுத்தும் சாஃப்ட்வேரையே முதல் பயன்பாட்டுக்கு முன் சரிபார்த்து நிரூபிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனைகளுக்கான காலத்தைத் திட்டத்தில் தனியாக ஒதுக்க வேண்டும். எங்களுக்கு அது இல்லை என்பதால் மேலே போகிறேன்.

மெயிலும் கேப்பாவும்

சாஃப்ட்வேர்காரர் விட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மெயில் வைத்துவிடுவார். வைக்க விடாதீர்கள். வேலை ஒருவருக்கு வரும்போது அவருக்கு ஒன்று; கெடு தாண்டினால் அவருக்கும் துறைத் தலைவருக்கும் ஒன்று; வாரத்துக்கு ஒரு முறை எம்.டி.க்குத் தாமதப் பட்டியல். இவ்வளவுதான். மெயில் அதிகமானால் எல்லோரும் தனி ஃபோல்டர் போட்டு ஒதுக்கிவிடுகிறார்கள், நியாயமாகவே.

கேப்பாவை யார் மூடலாம் என்பது அரசியல் கேள்வி, முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். நடவடிக்கை எடுத்தவரே மூடக்கூடாது. பலன் தந்ததா என்று பார்க்க ஒரு இடைவெளி வேண்டும். தேதி வைத்துப் பார்ப்பதைவிட, அடுத்து ஓடும் மூன்று பாட்ச்களில் குறை வந்ததா என்று பார்ப்பது எங்களுக்குப் பொருந்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓடும் பாகத்தை முப்பது நாளில் சரிபார்த்தால் சரிபார்க்க ஒன்றுமே இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. காலை மீட்டிங்கில் எம்.டி. சாஃப்ட்வேர் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். "அந்த ரிஜெக்‌ஷன் லிஸ்ட்ட வாட்ஸ்அப்ல போட்டுடுங்க" என்று அவர் ஒரு தரம் சொல்லி, நாமும் போட்டுவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாத் துறையும் வாட்ஸ்அப்பில்தான் போடும். இதை அவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எம்.டி. சார் ஒப்புக்கொண்டார், இருந்தாலும் மீட்டிங்கில் டி.வி.யை நான்தான் முதல் ஆளாகப் போய் ஆன் செய்து வைக்கிறேன்.

எந்தத் தேதியில்

காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். சான்றிதழ் கொடுத்தவர்கள் இடையில் வந்து பார்க்கும் கண்காணிப்பு ஆடிட்டுக்கு முந்தைய இரண்டு மாதம் வேண்டாம். மார்ச் வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சும், பின்னால் ஊருக்குப் போனவர்கள் திரும்பாததும் இருக்கும். பொங்கலும் அப்படித்தான். ஆடிட் முடிந்து, கண்டறிந்த குறைகளுக்குப் பதில் அனுப்பிய பிறகு கிடைக்கும் அமைதியான காலம்தான் சரி. அடுத்த ஆடிட்டுக்குள் ஓரளவு பதிவும் சேர்ந்திருக்கும். ஆடிட்டருக்குப் பார்க்க மட்டும் முடிகிற லாகின் ஒன்றை உருவாக்கி வையுங்கள்.

பழையதை எல்லாம் ஏற்ற நினைக்காதீர்கள். நடப்பில் உள்ள ஆவணங்கள், திறந்திருக்கும் கேப்பாக்கள், கேஜ்களின் கடைசிச் சான்றிதழ் இவை மட்டும். மூடிய பழைய பதிவுகள் ரெக்கார்ட் ரூமிலேயே அவற்றின் காலம் முடியும் வரை இருக்கட்டும்.

காகிதமும் திரையும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு முடிவுத் தேதி போடுங்கள். கேஜுக்கு இரண்டு வாரம், என்.சி.க்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதியில் என்.சி. புத்தகங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துப் பூட்டுங்கள், அச்சகத்துக்குப் புது ஆர்டர் போகாமல் பாருங்கள். புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் வரை இரவு ஷிப்டில் அதில்தான் எழுதுவார்கள்.

பயிற்சியை ஷிப்ட் வாரியாக, மெஷின் பக்கத்தில், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். சொல்லிக்கொடுக்க ஐ.டி. ஆள் வேண்டாம். லைனில் மற்றவர்கள் சந்தேகம் என்றால் தேடிப் போகும் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருப்பார். அவரைப் பிடியுங்கள், அவருக்கு மட்டும் முழுப் பயிற்சி கொடுங்கள்.

நெட் போனால் என்ன என்பதையும் எழுதி வையுங்கள். ஐ.ஏ.டி.எஃப். அவசரகாலத் திட்டத்தில் சைபர் தாக்குதலையும் சேர்க்கச் சொல்கிறது, திட்டத்தைச் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறது. ஷிப்ட் சூப்பர்வைசரின் மேஜையில் சீல் வைத்த உறையில் இருபது வெற்று என்.சி. தாள், பிறகு யார் ஏற்றுவது என்ற ஒரு வரி, இது போதும். வருடத்துக்கு ஒரு முறை வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள்.

நமக்கு ஜாப் வொர்க் செய்து தரும் சின்னப் பட்டறைகளை இரண்டாவது வருடத்துக்குத் தள்ளுங்கள். முதலாளியே மெஷினில் நிற்கும் இடத்தில் லாகின் கொடுத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். என்.சி. போட்டதும் குறையின் போட்டோவோடு அவர் போனுக்கு ஒரு லிங்க் போக வேண்டும், அவர் அதிலேயே பேசிப் பதிவு செய்து பதில் அனுப்ப வேண்டும். இதை உங்கள் சாஃப்ட்வேர் செய்யுமா என்று முதல் டெமோவிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.